டாக்டர் ஹூ 65: சூசனுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: நீலப்பெட்டி

வணக்கம் நண்பர்களே.

2028 நவம்பர் 23-ஆம் தேதி பிபிசியின் காலப்பயணத் தொடரான டாக்டர் ஹூவுக்கு 65 ஆண்டு நிறைகிறது. இத்தனை முன்கூட்டியே ஆண்டுவிழா ஸ்பெஷலைப் பற்றிப் பேச்செடுக்க ஒரே காரணம்தான். டாக்டரின் பேத்தி சூசனாக நடித்த கரோல் ஆன் ஃபோர்டு 1940-இல் பிறந்தவர். அந்த நவம்பரில் அவருக்கு 88 வயது. தொடரைத் தொடங்கிவைத்த நான்கு நடிகர்களில் இன்று இருப்பவர் அவர் ஒருவர்தான். முதல் டாக்டராக நடித்த ஹார்ட்னெல் 1975-இலும் ஜாக்குலின் ஹில் 1993-இலும் போய்விட்டார்கள். வில்லியம் ரசல் 2024 ஜூனில், 99 வயதில் காலமானார்.

எனக்கு அந்த ஸ்பெஷலில் வேண்டியது ஒன்றே ஒன்று. டாக்டர் திரும்பிப் போய்த் தன் பேத்தி சூசனைப் பார்க்க வேண்டும். பழைய டாக்டர்கள் (டாக்டர் உருவம் மாறும்போதெல்லாம் புது நடிகர் வருவார்) வரிசையாக வந்து நிற்பதும், பழைய எதிரிகளான டாலெக், சைபர்மேன், மாஸ்டர் என்று எல்லோரும் ஒரே எபிசோடில் மோதுவதும் இல்லாமல் போனாலும் எனக்குக் குறையில்லை.

கறுப்பு வெள்ளைக் காலத்தைப் பார்க்காதவர்களுக்காக அந்தக் காட்சியைச் சொல்கிறேன். 'தி டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்' கதையின் ஆறாவது, கடைசி எபிசோட். 1964 டிசம்பர் 26-இல் ஒளிபரப்பானது. 22-ஆம் நூற்றாண்டு லண்டன் இடிந்து கிடக்கிறது, டாலெக்குகள் ஒழிந்துவிட்டன. டேவிட் கேம்பல் என்ற போராளிக்கும் சூசனுக்கும் காதல். தன்னோடு இங்கேயே இருந்துவிடு என்கிறான் அவன். அவளுக்கும் ஆசைதான். ஆனால் தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, அவரைத் தனியே விட்டு எப்படி இருப்பது என்று அழுகிறாள்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். சூசனின் ஷூ தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். சரிசெய்யலாம் என்று எடுத்துக்கொண்டு தன் காலப்பயண வாகனமான டார்டிஸுக்குள் போகிறார். போனவர் கதவைப் பூட்டிவிடுகிறார். ஒரு காலில் மட்டும் ஷூவோடு அவள் வெளியே நிற்கிறாள். உள்ளே இருந்தபடியே அவர் பேசுகிறார். இத்தனை வருடமும் நான் உன்னைப் பார்த்துக்கொண்டேன், நீயும் என்னைப் பார்த்துக்கொண்டாய், இனி உனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்கிறார். ஒருநாள் திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுக்கிறார். டார்டிஸ் மறைகிறது. அவள் கையிலிருந்த சாவியை மண்ணில் போட்டுவிட்டு டேவிட்டோடு போகிறாள்.

அவர் திரும்பி வரவே இல்லை. 1983-இல் 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' இதே பேச்சோடுதான் தொடங்கும். டைட்டிலுக்கு முன்பே ஹார்ட்னெல் முகம், அந்த வாக்கு. முதன்முதலில் பார்த்தபோது, ஆஹா, இன்றைக்கு வரப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சூசனும் வருகிறாள். தாத்தாவோடு ஒரு கண்ணாடிச் சுவர் நடைபாதையில் டாலெக்கிடமிருந்து தப்பிக்கிறாள். அப்புறம் கணுக்கால் சுளுக்கி ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாள். இந்த 19 ஆண்டில் உனக்கு என்ன ஆயிற்று, டேவிட் எப்படி இருக்கிறான் என்று ஒரு கேள்வி கிடையாது. ஹார்ட்னெல் இறந்துவிட்டதால் முதல் டாக்டராக ரிச்சர்ட் ஹர்ன்டால் நடித்தார், நன்றாகவே நடித்தார். ஆனால் கதைப்படி அவர் பேத்தியைத் தேடி வரவில்லை. இருவரையும் வேறொருவன் பிடுங்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறான். அதை வாக்கைக் காப்பாற்றியதாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

புதிய தொடர் அவளை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2017-இல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருக்கும் அப்போதைய டாக்டர் கபால்டியின் மேசையில் சூசனின் படம் இருக்கிறது. 2024-இல் 'தி டெவில்ஸ் கார்ட்' எபிசோடில் 1963 லண்டன் மாடியில் நின்றுகொண்டு டாக்டராக நடித்த கட்வா தன் பயணத்தோழி ரூபியிடம் சொல்கிறார்: இதே நேரத்தில், அதோ அங்கே, நான் என் பேத்தியோடு வாழ்ந்துகொண்டிருக்கிறேன். போய்ப் பார்க்கலாமே என்றால் முகம் வாடிவிடுகிறது. தன் இனமான டைம் லார்டுகள் அழிந்த பிறகு அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே அவருக்குத் தெரியாது. அதே சீசனில் சூசன் ட்ரையட் என்ற பெயரை வைத்து வாரக்கணக்கில் எங்களை எதிர்பார்க்க வைத்தார்கள். கடைசியில் அது சுடெக் என்ற வில்லனின் வலை. 2025 மே மாதத்தில் 'தி இன்டர்ஸ்டெல்லர் சாங் கான்டெஸ்ட்', அதற்கு அடுத்த வாரம் 'விஷ் வேர்ல்ட்', இரண்டிலும் கரோல் ஆன் ஃபோர்டே வந்தார். 84 வயதில், அதே கண்கள். டாக்டரின் மனக்காட்சியில் தோன்றி, என்னைத் தேடி வா என்று அழைத்தார். நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். சீசன் முடிந்தது, கட்வா பில்லி பைப்பராக மாறினார், சூசனைப் பற்றி மறுபேச்சில்லை.

நீங்கள் சொல்லுங்கள். ஆண்டுவிழாவுக்கு உங்கள் ஆசை என்ன? சூசன் கதைக்கு 2028 வரை காத்திருக்கலாமா?

---

பதில் 1: பெர்ட்வி ரசிகன்

சகோதரி, சூசன் வர வேண்டும் என்பதில் எனக்கும் முழுச் சம்மதம். ஆனால் பழைய டாக்டர்கள் வரிசையாக நிற்பதை நீங்கள் இவ்வளவு லேசாகத் தள்ளக் கூடாது. இந்தத் தொடரில் ஆண்டுவிழா என்பதே அதில் பிறந்ததுதான்.

'தி த்ரீ டாக்டர்ஸ்' பத்தாவது சீசனின் முதல் கதை. 1972 டிசம்பர் 30-இல் தொடங்கியது. ஹார்ட்னெலுக்கு அப்போது உடம்பு மிக மோசம், நினைவும் தடுமாறியது. மற்ற இருவரோடு ஓடியாடி நடிக்க முடியாது என்று தெரிந்ததும் அவரை உட்கார வைத்து, வசனத்தை அட்டையில் எழுதிக் காட்டித் தனியாகப் படமெடுத்தார்கள். கதையில் அவர் டார்டிஸ் திரையில் மட்டும் தெரிவார். மூன்றாம் டாக்டர் பெர்ட்வியும் இரண்டாம் டாக்டர் டிரவுட்டனும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது திரையிலிருந்து இருவரையும் ஒரு அதட்டு அதட்டுவார் பாருங்கள், இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அடங்கிவிடுவார்கள். அதுதான் அவர் கடைசியாக நடித்தது. மூன்று டாக்டர்களைச் சேர்க்கும் யோசனை வராமல் போயிருந்தால் நமக்கு அந்த ஹார்ட்னெல் கிடைத்திருக்கவே மாட்டார்.

2013-இல் 'தி டே ஆஃப் தி டாக்டர்' 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகி கின்னஸில் இடம் பிடித்தது. பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்களா என்று பதறும்போது, இல்லை ஐயா, பதின்மூன்று பேர் என்று பதில் வரும். அடுத்த நொடி கபால்டியின் புருவம். அப்போதைய டாக்டர் ஸ்மித் இன்னும் விடைபெறவில்லை, புது டாக்டர் ஏற்கெனவே உதவிக்கு வந்துவிட்டார்! அந்த நொடிக்காக நான் இன்னும் பத்து ஸ்பெஷல் பார்ப்பேன்.

என் ஆசை எட்டாம் டாக்டர் பால் மெக்கான். 1996-இல் ஒரே ஒரு டிவி படம். 2013-இல் 'தி நைட் ஆஃப் தி டாக்டர்', மொத்தமே ஏழு நிமிடம், ஆனால் அதற்குள் அவர் எப்பேர்ப்பட்ட டாக்டர் என்று காட்டிவிட்டார். 2022-இல் சில நிமிடங்கள். ஆடியோ நாடகங்களில் 2001-லிருந்து இந்தப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டிருக்கும் மனிதருக்குத் தொலைக்காட்சியில் முழுசாக ஒரு மணி நேரம் கொடுக்கக் கூடாதா?

உங்கள் ஆசையையும் என் ஆசையையும் ஒன்றாக முடித்துவிடலாம். பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ஆடியோ நாடகங்களில் 'ஆன் எர்த்லி சைல்ட்' என்று ஒரு கதை உண்டு. அதில் மெக்கானின் டாக்டர்தான் சூசனைத் தேடிப் போகிறார். கரோல் ஆன் ஃபோர்டே குரல் கொடுத்திருக்கிறார். சூசனுக்கு அலெக்ஸ் என்று ஒரு மகன், அவனாக நடித்தவர் மெக்கானின் சொந்த மகன். கேட்டிருக்கிறீர்களா? அதையே திரைக்குக் கொண்டுவந்தால் போதும்.

---

பதில் 2: கோல்ஹில் மாணவி

எனக்குப் பிடித்த ஆண்டுவிழாக் கதை ஆண்டுவிழா என்று பெயர் போட்டு வராத ஒன்று.

1988-இல் 25-ஆம் ஆண்டு. அதிகாரப்பூர்வக் கொண்டாட்டம் 'சில்வர் நெமிசிஸ்', நவம்பர் 23-இல் தொடங்கியது. வெள்ளி விழா என்பதால் வெள்ளி நிறச் சைபர்மேன்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை. அதற்கு முந்தைய மாதமே 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' வந்துவிட்டது. 1963 நவம்பர், கோல் ஹில் பள்ளி, டோட்டர்ஸ் லேன் பழைய சாமான் கிடங்கு, எல்லாம் தொடங்கிய இடத்துக்கே டாக்டரும் அவர் பயணத்தோழி ஏஸும் போகிறார்கள்.

அதில் ஒரு காட்சி. ஏஸ் ஒரு விடுதி வீட்டில் தனியாக இருக்கிறாள். நல்ல வீடு, வீட்டுக்கார அம்மாவும் அன்பானவர்தான். ஜன்னலோரம் போகிறவள் அங்கே ஒரு அட்டை வைத்திருப்பதைப் பார்க்கிறாள். கறுப்பர்களுக்கும் மற்ற நிறத்தவர்களுக்கும் இங்கே அறை இல்லை என்று எழுதியிருக்கிறது. யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை, பின்னணி இசை முழங்குவதில்லை. ஏஸ் அந்த அட்டையைப் பார்க்கிறாள், முகம் மாறுகிறது, வெளியே போய்விடுகிறாள். அதே வீட்டில் டிவி ஓடுகிறது. நேரம் ஐந்தே கால், அடுத்து ஒரு புதிய அறிவியல் புனைகதைத் தொடர் என்று அறிவிப்பாளர் பெயரைச் சொல்லத் தொடங்கும்போது காட்சி மாறிவிடுகிறது. தன் பிறந்தநாளில் தான் பிறந்த ஊரின் அசிங்கத்தையும் சேர்த்துக் காட்டிய தொடர் இது. நான் ரசிகை ஆனது அந்த நிமிடத்தில்.

அந்த அட்டை தொங்கிய அதே லண்டனில்தான் முதல் எபிசோடை 24 வயது வாரிஸ் ஹுசைன் இயக்கினார், லக்னோவில் பிறந்தவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. பிபிசி நாடகப் பிரிவில் அப்போது வேறு பெண் தயாரிப்பாளர் கிடையாது. அடுத்த ஆண்டுவிழா இந்த இருவரையும் நினைவில் வைத்து எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. அவர்களைப் பாத்திரமாக்கச் சொல்லவில்லை, அது 2013-இல் 'ஆன் அட்வென்ச்சர் இன் ஸ்பேஸ் அண்ட் டைம்' படத்தில் வந்துவிட்டது. யாருக்கு இடம் கொடுப்பதில்லையோ அவர்கள் பக்கம் நிற்கிற ஒரு கதை வேண்டும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 அக்டோபரில், தயாரிப்பில் பங்காளியாக இருந்த டிஸ்னி தொடரப்போவதில்லை என்று பிபிசி அறிவித்ததும் இங்கே பலர் சோர்ந்துபோனதைப் பார்த்தேன். நான் சோரவில்லை. 60-ஆம் ஆண்டு ஸ்பெஷல் மூன்றில் எது மனதில் நிற்கிறது? எனக்கு 'வைல்ட் ப்ளூ யாண்டர்'. ஆளில்லாத ஒரு விண்கப்பல், டாக்டராக டெனன்ட், தோழி டோனாவாக கேத்தரின் டேட், அவர்களைப் போலவே உருவெடுத்த இரண்டு ஜந்துக்கள். எதிரே இருப்பது டோனாவா, இல்லையா என்ற ஒரே சந்தேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. நீலப்பெட்டி அக்கா கேட்பதும் அந்த அளவுக் கதைதான். இரண்டு பேர், ஒரு அறை.

---

பதில் 3: ரீல் தேடி

என் ஆசை புதுக் கதை பற்றியது இல்லை. பழையது முழுசாகக் கிடைக்க வேண்டும்.

2023 நவம்பரில் 800-க்கும் மேற்பட்ட எபிசோடுகளை பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயரில் ஏற்றினார்கள். முதல் கதை 'ஆன் அன்எர்த்லி சைல்ட்' மட்டும் அதில் இல்லை, உரிமைச் சிக்கல். 60-ஆம் பிறந்தநாளில் பிறந்த நாளையே பார்க்க முடியவில்லை! ஆண்டுவிழாவுக்கு முன் அது தீர்ந்தால் எனக்கு அதுவே பெரிய ஸ்பெஷல்.

அப்புறம் தொலைந்துபோன எபிசோடுகள். வீடியோ டேப் அன்று விலை அதிகம், ஒளிபரப்பானதும் அழித்து வேறு நிகழ்ச்சி பதிவார்கள். வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த 16 மி.மீ. பிலிம் பிரதிகள் எங்கெல்லாம் தப்பிப் பிழைத்தனவோ அவைதான் இன்று நம்மிடம் இருப்பவை. 2013 அக்டோபரில் நைஜீரியாவின் ஜாஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒன்பது எபிசோடுகள் வந்துசேர்ந்ததாக அறிவித்தார்கள். 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' முழுமையானது, 'தி வெப் ஆஃப் ஃபியர்' ஒன்றே ஒன்று தவிர எல்லாம் கிடைத்தது. டிரவுட்டனை அன்றுதான் உண்மையில் பார்த்தோம். 50-ஆம் ஆண்டின் சிறந்த பரிசு என்று எனக்குப் பட்டது அதுதான், 3டி சினிமாவைவிட.

சூசனைப் பற்றிப் பேசுகிறீர்கள். 1963, 64-இல் அவள் வரும் 51 எபிசோடுகளில் ஒன்பது இல்லை. 'மார்கோ போலோ' ஏழும், 'தி ரெயின் ஆஃப் டெரர்' கதையில் இரண்டும். ஒலி மட்டும் இருக்கிறது, அந்தக் காலத்தில் ரசிகர்கள் வீட்டு டிவியிலிருந்து டேப்பில் பதிந்து வைத்த புண்ணியம். 'மார்கோ போலோ'வில் பிங்-சோ என்ற பெண்ணோடு சூசன் பழகும் காட்சிகளைக் கேட்டுப் பாருங்கள். தன் வயதில் ஒரு தோழி கிடைத்த சந்தோஷம் குரலிலேயே தெரியும். அதை இயக்கியவரும் வாரிஸ் ஹுசைன்தான், ஒரு எபிசோடு நீங்கலாக. அந்த ஏழையும் அனிமேஷனில் எடுத்து 2028-இல் வெளியிட்டால் போதும் எனக்கு.

இன்னொன்று. 2023-இல் முதல் டாலெக் கதைக்கு வண்ணம் பூசி, ஏழு எபிசோடை 75 நிமிடமாகச் சுருக்கிப் போட்டார்கள். சுருக்கியதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் சூசனை வண்ணத்தில் பார்த்தோம். அடுத்து 'தி டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்' கதைக்கும் அப்படிச் செய்யட்டும், கடைசிக் காட்சியில் மட்டும் ஒரு நொடி கூட வெட்டாமல்.

---

நீலப்பெட்டி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

பெர்ட்வி ரசிகன் அண்ணா, 'ஆன் எர்த்லி சைல்ட்' கேட்டிருக்கிறேன், அலெக்ஸையும் தெரியும். மெக்கானுக்கு ஒரு மணி நேரம் கொடுக்கத்தான் வேண்டும், அதற்காகக் கையெழுத்து வேட்டை நடந்தால் என் பெயர் முதலில் இருக்கும். ஆனால் சூசனைப் பார்க்கப் போகிறவர் அவராக இருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் டைம் வார், அதாவது டைம் லார்டுகளுக்கும் டாலெக்குகளுக்கும் நடந்த போர், முடிவதற்கு முந்தைய டாக்டர். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலும், போருக்குப் பிறகு வந்த டாக்டர்களின் மனதில் அவள் இருக்கிறாளா இல்லையா என்ற கேள்வி அப்படியே கிடக்கும். கட்வா அந்த மாடியில் நின்று சொன்னதன் வலி அதுதான். இனத்தையே இழந்தவர், தேடிப் போனால் அங்கே யாரும் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்துதான் போகாமல் இருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பயத்தைத் தாண்டி அவர் போக வேண்டும். அதனால் வருகிறவர் இப்போதைய டாக்டராகத்தான் இருக்க வேண்டும், 2028-இல் அது யாராக இருந்தாலும்.

அது யாராக இருந்தாலும் அவர் கரோல் ஆன் ஃபோர்டைவிட வயதில் சின்னவராகத்தான் இருப்பார். என்னை இழுப்பதே இதுதான். 1964-இல் தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அழுத பெண் இன்று 88 வயதுக் கிழவியாக நிற்கிறாள். எதிரே இளைஞனாகவோ இளம்பெண்ணாகவோ தாத்தா. தட்டினால் அவள் கதவைத் திறந்து, என்ன வேண்டும் தம்பி என்று கேட்பாள். அவருக்குத் தன்னை யாரென்று நிரூபிக்க வேண்டும். என்ன சொல்லி நிரூபிப்பார்? பேசவே வேண்டாம், பையிலிருந்து அந்த ஷூவை எடுத்து நீட்டட்டும். அடியில் ஓட்டை அடைத்திருக்க வேண்டும், கொஞ்சம் கோணலாக, அவரே உட்கார்ந்து தைத்த மாதிரி. இப்படி ஒரு காட்சி எழுத வேறெந்த நாடகத்துக்கும் வழியில்லை. இந்தத் தொடருக்கு மட்டும்தான் முடியும்.

அவளும் சும்மா கட்டிப்பிடித்து அழுதுவிடக் கூடாது. கோபப்பட வேண்டும். பூட்டியது அவர்தானே, அவளைக் கேட்டா முடிவெடுத்தார்? அன்பால் செய்தார் என்றாலும் அவளுடைய வாழ்க்கையை அவளிடம் கேட்காமலே முடிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தோழியையும் தோழனையும் அவர் வழியனுப்பும்போது அந்தப் பூட்டிய கதவு எனக்கு நினைவுக்கு வரும். டோனாவின் நினைவை அழித்தபோதும் அப்படித்தான், அவள் கெஞ்சக் கெஞ்சச் செய்தார். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை முதலில் சூசனுக்குத்தான் உண்டு.

கரோல் ஆன் ஃபோர்டுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பாத்திரத்துக்குக் கேட்டபோது வேற்றுக்கிரகத்துப் பெண், விசித்திரமானவள், அறிவாளி என்று சொன்னார்கள், நடிக்க வந்த பிறகு அலறவும் ஓடவும்தான் விட்டார்கள் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு வருடத்தில் விலகியதற்குக் காரணமே அதுதான். 'தி சென்சொரைட்ஸ்' கதையில் மட்டும் அந்த இன்னொரு சூசன் எட்டிப் பார்ப்பாள். மற்றவர் மனதோடு பேசுவாள், தாத்தாவை எதிர்த்துப் பேசுவாள், கடைசியில் தன் கிரகத்தைப் பற்றிச் சொல்வாள்: இரவில் செம்மஞ்சள் வானம், வெள்ளி இலைகள். 2007-இல் டெனன்ட் தன் தோழி மார்த்தாவிடம் சொந்தக் கிரகமான காலிஃப்ரே பற்றிச் சொல்வதும் அதே வானம், அதே இலைகள். அந்தக் கிரகத்தை நமக்கு முதலில் காட்டியது அவள்தான்.

கோல்ஹில் மாணவி, பணம் பற்றி நீ சொன்னது சரி. நானும் அதையேதான் நினைத்தேன். 2023-இல் ஐபிளேயருக்காக 'டேல்ஸ் ஆஃப் தி டார்டிஸ்' எடுத்தார்களே, ஒரே ஒரு செட், பழைய துணைவர்கள் இருவர் உட்கார்ந்து பேசுவார்கள், நடுவில் பழைய கதை ஓடும். அதில் விக்கியும் ஸ்டீவனும் வந்தார்கள், மொரீன் ஓபிரையனும் பீட்டர் பர்வ்ஸும். சூசன் இறங்கிய அடுத்த கதையில் டார்டிஸில் ஏறியவள் விக்கி. அவளுக்குப் பேசி முடிக்க ஒரு காட்சி கிடைத்தது. சூசனுக்கும் கிடைக்கட்டும்.

காத்திருக்கலாமா என்று நான் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இப்போதே எடுக்க வேண்டும். வில்லியம் ரசல் 2022-இல் 'தி பவர் ஆஃப் தி டாக்டர்' எபிசோடில் வந்தார். 57 ஆண்டு இடைவெளி, கின்னஸ் சாதனை. திரையில் இருந்ததோ சில நொடிகள், டாக்டர் இப்போது பெண்ணா என்ற ஆச்சரியத்தில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். அடுத்த வாய்ப்பு வரவில்லை. டோனாவின் தாத்தா வில்ஃபாக நடித்த பெர்னார்ட் கிரிபின்ஸ் 'வைல்ட் ப்ளூ யாண்டர்' முடிவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டாக்டரைப் பார்த்து முகம் மலர்வார். 2022 ஜூலையில் இறந்துவிட்டார். அடுத்த எபிசோடில் வில்ஃப் பத்திரமாக இருக்கிறார் என்று வசனத்தில் மட்டும் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு நாள் படப்பிடிப்பு போதும். கரோல் ஆன் ஃபோர்டு உடல்நலத்தோடும் விருப்பத்தோடும் இருக்கும்போதே எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும், 2028-இல் போடட்டும். அதற்குள் டாக்டர் மாறிவிட்டால் என்ன? கதை காலப்பயணம் பற்றியது. போனவர் எந்த டாக்டர் என்பதை நினைவாகச் சொல்லிக் காட்ட ஆயிரம் வழி இருக்கிறது.

---

பதில் 4: பெர்ட்வி ரசிகன்

இப்போதே எடுத்து வைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹார்ட்னெலை அந்த நிலையிலும் உட்கார வைத்து எடுத்தார்களே, அந்த வேகம் வேண்டும். ஆனால் மெக்கானை நான் விடுவதாக இல்லை. கதவைத் தட்டப் போகும் புது டாக்டர் தெருவில் தயங்கி நிற்கும்போது, போ, பயப்படாதே என்று தோளைத் தொட்டு அனுப்புகிறவர் மெக்கானாக இருக்கட்டும். அவருக்கு அந்த வீடு தெரியும் அல்லவா.

---

பதில் 5: புதுப்பயணி

அக்கா, நான் கட்வா சீசனிலிருந்துதான் பார்க்கிறேன். சாங் கான்டெஸ்ட் எபிசோடில் திடீரென்று வந்த அந்தப் பாட்டி யார் என்று புரியாமலே இருந்தேன், இன்றைக்குத்தான் விளங்கியது. பழைய சூசனைப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்? கறுப்பு வெள்ளை மெதுவாகப் போகும் என்று பயமுறுத்துகிறார்கள்.

---

நீலப்பெட்டி (கேள்வி கேட்டவர்)

வாப்பா புதுப்பயணி. மெதுவாகத்தான் போகும், வாரம் ஒன்று என்று பார்ப்பதற்காக எடுத்தது. ஒரே மூச்சில் பார்க்காதே, ஒரு நாளைக்கு ஒரு எபிசோட் போதும், 25 நிமிடம்தான்.

முதல் கதையின் முதல் எபிசோட் டிவிடியில் கிடைத்தால் அதைப் பார். அதற்கடுத்த மூன்றும் குகை மனிதர் கதை, அவசரமென்றால் தாண்டிவிடலாம். பிறகு 'தி ஆஸ்டெக்ஸ்', நான்கு எபிசோட். அதில் சூசன் குறைவாகத்தான் வருவாள், ஆனால் ஜாக்குலின் ஹில் நடிப்புக்காகப் பார்க்க வேண்டும், வரலாற்றை மாற்றலாமா என்று டாக்டரும் அவர் நடிக்கும் பார்பராவும் மோதும் இடத்தைத் தவறவிடாதே. அப்புறம் 'தி சென்சொரைட்ஸ்'. நடுவில் கொஞ்சம் இழுக்கும், கடைசிவரை பார். பிறகு நேரே 'தி டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்'. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் டாலெக்குகள் ஊர்ந்துபோவதை ரசித்துப் பார், அப்போதெல்லாம் வெளிப்புறப் படப்பிடிப்பு இந்தத் தொடரில் அபூர்வம்.

'தி ஃபைவ் டாக்டர்ஸ்' கடைசியில். பெர்ட்வி ரசிகன் அண்ணாவுக்குப் பிடித்த வகை, உனக்கும் பிடிக்கும். ஆடியோ இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். ஆறாவது எபிசோடை முடித்ததும் இங்கே வந்து எழுது.